வாசனை தெரியாதவள் பூத் தேடிப் போனது

பஹ்ரைனில் பூத் தேடிப் போனோம் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. வேலை தேடிப் போனவர்கள் உண்டு, மலிவு விலைத் தங்கம் தேடிப் போனவர்கள் உண்டு. நாங்கள் மூன்று பேர், எண்பதுகளின் நடுவில், குளிர்காலத்து வெள்ளிக்கிழமைகளில், ஒரு பிக்கப் வண்டியில் நெருக்கிக்கொண்டு முஹரக் தீவின் வடக்குக் கரைக்குப் பூத் தேடித்தான் போனோம். மூவரில் ஒருத்திக்கு வாசனையே தெரியாது. அது நான்.

பதினேழு வயதில் எனக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. போகும்போது அது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு, உறைப்பு எல்லாம் நாக்குக்குத் தெரிந்தது. மூக்குக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர், சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது என்றார். ஆஸ்பத்திரி வாசலில் அம்மா என்னிடம் சொன்னது, இதை ஒரு ஈ காக்கையிடமும் சொல்லாதே என்பதைத்தான். எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம். நான் அழுததைப் பார்த்துவிட்டு, “மூக்குத்தி போட மூக்கு இருக்குல்ல, அது போதும்” என்றாள். அதை அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள்.

மாப்பிள்ளை பஹ்ரைனில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் வரைபவர். பெண் பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா, தைக்கத் தெரியுமா, சமையல் எப்படி என்றெல்லாம் கேட்டார்கள். வாசனை தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அம்மாவின் கட்சி. ஆனால் அம்மா என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஊரில் நிம்மதியாக இருந்தாள். பஹ்ரைனில், குதைபியா என்ற பகுதியில், இரண்டு அறை வீட்டில் அவரோடு இருந்தது நான். ‘குறையை மறைத்து என் தலையில் கட்டிவிட்டார்கள்’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார் என்று நினைத்தேன். இது வெறும் பிரமை இல்லை. எங்கள் தெருவில் அப்படித் திரும்பி வந்த ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு காது மந்தம், அவ்வளவுதான் குற்றம்.

ஆகையால் நான் எதிரொலியாக வாழக் கற்றுக்கொண்டேன். யாராவது ‘ஆகா, என்ன வாசனை’ என்றால் நானும் ஆகா என்பேன். யாராவது முகத்தைச் சுளித்தால் நானும் சுளிப்பேன். மனாமாவில் கோவில் இருந்த சந்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஊரிலிருந்து விமானத்தில் வந்த மல்லிகையை முழம் போட்டு விற்பார்கள். பெண்கள் எல்லோரும் அதை வாங்கியதும் முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார்கள். யாராவது என் கையில் கொடுத்து மோந்து பார் என்றால், சாமிக்கு வைக்கிற பூவை முகரக் கூடாது என்று தள்ளிவிடுவேன். எனக்கு ஆசாரக்காரி என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் தப்பித்தேன்.

எப்போதும் தப்பிக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் அவர் என்னை ஒரு அத்தர் கடைக்கு அழைத்துப்போய், உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள் என்றார். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து என் மணிக்கட்டில் தடவினார். நான் தீவிரமாக முகர்ந்து, தீவிரமாக யோசித்து, மிக அழகான புட்டியைக் கை காட்டினேன். கடைக்காரரும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது ஆண்கள் போடுவதாம். “எனக்காப் பார்த்தியா” என்று அவர் வெட்கப்பட்டார். நான் தலையாட்டினேன். அந்தப் புட்டி தீரும்வரை அவர் அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார்.

சமையலைக் கண்ணாலும் காதாலும் செய்தேன். கடுகு வெடிப்பது காதுக்குத் தெரியும், வெங்காயம் சிவப்பது கண்ணுக்குத் தெரியும். பால் கெட்டிருக்கிறதா என்பதை நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். கஷ்டம் கேஸ் அடுப்பில்தான். சிலிண்டர் சமையலறைக்குள்ளேயே இருந்தது. கசிந்தால் மூக்குக்குத் தெரியவேண்டும் என்றுதான் அதற்கு ஒரு வாசனையைக் கலந்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அது கலந்ததும் ஒன்றுதான், கலக்காததும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தத் திருகைத் தொட்டுப் பார்ப்பேன் என்று கணக்கில்லை. பாதிக் குளியலில் ஈரத்தோடு ஓடிவந்து பார்த்திருக்கிறேன். அவர் அதை என் சுத்தத்தில் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்காரியம் எல்லாம் அவளுக்கு அப்படிக் கச்சிதமாக இருக்கவேண்டும் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வார். கேட்டுக்கொண்டே நான் இன்னொரு தடவை திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

எங்களுக்கு மேல்மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா தனியாக இருந்தார். ஊரில் தாவரவியல் ஆசிரியையாக இருந்தவர், இங்கே ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் கணக்கு எழுதினார். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, குரல் மட்டும் வகுப்பறைக் கடைசி பெஞ்சுவரை போகும். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர். மழை பெய்த மறுவாரம் முஹரக்கின் வடக்குக் கரைக்குப் போகவேண்டும், டாக்சிக்காரன் எவனும் அந்தப் பொட்டலுக்கு வரமாட்டேன் என்கிறான் என்று ஒரு நாள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். ஆபீஸ் பிக்கப் எங்களிடம் இருப்பதை அவர் மாடியிலிருந்து பார்த்து வைத்திருந்தார். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டோம். பூ என்றார். என் கணவர் சிரித்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர்தான் முதலில் கிளம்பி நின்றார்.

டீச்சரின் தமிழ் எனக்குப் புதிது. பேசுவதைக் கதைப்பது என்றார், அழகை வடிவு என்றார், கிளம்புவதை வெளிக்கிடுவது என்றார். நான் ஒன்றொன்றாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வருஷத்தில் அவர் பேசுவது எல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்தேன். அந்தக் கர்வத்துக்குக் கூலி பிற்பாடு கிடைத்தது.

வடக்குக் கரையைப் பார்த்தவர்கள் அதை அழகான இடம் என்று சொல்லமாட்டார்கள். தட்டையான உப்பு மண். முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் வளராது. வடக்கேயிருந்து ஷமால் காற்று வரும். காற்று என்று சொல்கிறேனே ஒழிய அது ஆளைப் பிடித்துத் தள்ளுகிற சமாசாரம். புடவைக்கு எங்கெல்லாம் பின் குத்த முடியுமோ அங்கெல்லாம் குத்திக்கொண்டு போவேன். வாயைத் திறந்தால் பல்லில் மண் நறநறக்கும். ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் முதல் நாள் எங்களைப் பார்த்து என்ன தொலைத்துவிட்டீர்கள் என்று கையசைத்துக் கேட்டார். டீச்சர் தமக்குத் தெரிந்த அரபியில், “வர்தா” என்றார். பெரியவர் சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, “மாஃபி வர்தா” என்று, வருத்தத்தோடே சொல்லிவிட்டுப் போனார். இங்கே பூ இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்தால்தான் தெரியும். நகத்தளவு மஞ்சள், அரிசியளவு ஊதா, வெள்ளையா சாம்பலா என்று தீர்மானிக்க முடியாத ஒன்று. மழைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் பூத்துவிட்டு அவை காணாமல் போய்விடும். டீச்சர் ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதில் மண்டியிட்டு, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இதழை எண்ணுவார். அவர் சொல்லும் லத்தீன் பெயர்கள் எனக்கு அர்ச்சனை மாதிரி கேட்கும். என் கணவர் பென்சிலால் அச்சு அசலாக அந்தப் பூக்களை வரைந்துகொடுப்பார். கட்டடம் வரைகிற கை, கொஞ்சம் விறைப்பாகத்தான் வரையும். ஒரு பூவைப் பார்த்து, இதற்குக் கதவு எங்கே என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

எனக்கு அந்தக் கரை பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. அங்கே காற்று எல்லா வாசனையையும் அடித்துக்கொண்டு போய்விடும். டீச்சர் பூவை மூக்கருகே கொண்டுபோவார், உதட்டைப் பிதுக்குவார், ஒன்றும் தெரியவில்லை என்பார். என் கணவரும் முகர்ந்துவிட்டு இல்லை என்பார். நானும் இல்லை என்பேன். அந்த ஒரு இடத்தில் நான் சொன்னது நிஜம். எல்லோரும் என்னைப் போல ஆகிவிட்ட இடம் அது. வீட்டில் யார் முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது என்று எந்நேரமும் விறைத்துக்கொண்டிருக்கும் கழுத்து அங்கே போனதும் தளர்ந்துவிடும். வாரம் முழுக்க வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

டீச்சர் தேடியது இந்தச் சின்னப் பூக்களை மட்டும் அல்ல. தர்தூத் என்று ஒன்று உண்டு. முஹரக் சந்தையில் ஒரு கடைக்காரர் தோலைச் சீவிய துண்டொன்றை அவரிடம் காட்டியிருக்கிறார். இளசாக இருக்கும்போது அந்த ஊர்க்காரர்கள் அதைத் தின்பார்களாம். எங்களுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. துவர்ப்பும் கொஞ்சம் புளிப்பும் என் நாக்குக்குப் பிடிபட்டன. அது பச்சையே இல்லாத செடி. இலை கிடையாது, கிளை கிடையாது. உப்புச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு, அதன் சாப்பாட்டைச் சாப்பிட்டு மண்ணுக்குள்ளேயே வளரும். பூக்கிற காலத்தில் மட்டும் மண்ணைப் பிளந்துகொண்டு எழும்பும். தெற்கே பாலைவனத்தில் நிறைய இருக்கிறது, இந்த வடக்குத் தீவில் எல்லாம் கிடைக்காது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். டீச்சருக்கு அது போதாதா? இங்கேயும் உப்புச் செடி இருக்குது, பிறகு ஏன் இராது என்று பிடித்துக்கொண்டார். இரண்டு குளிர்காலம் தேடினோம். கிடைக்கவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் நல்ல மழை. டீச்சர் அந்தக் கோடையில் லண்டனுக்கு, தம்பி குடும்பத்தோடு இருக்கப் போவதாக முடிவாகிவிட்டது. இனிமேல் தேட வருஷம் இல்லை. அதனால் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட விடவில்லை. அன்றைக்கும் காலையிலிருந்து நடந்து களைத்திருந்தோம். என் கணவர் வண்டியை எடுத்துவரப் பின்தங்கிவிட்டார். யாரோ எதற்கோ மண்ணை வாரிக் கொண்டுபோனதால் உண்டான ஒரு பள்ளம் இருந்தது. ஒரு ஆள் ஆழம். காற்றுக்குப் பயந்து அதில் இறங்கி உட்காரலாம் என்று நான்தான் முதலில் இறங்கினேன்.

பள்ளத்தின் சரிவில், உப்புச் செடி ஒன்றின் அடியில், மண்ணிலிருந்து யாரோ கட்டைவிரலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பது போல அது நின்றது. ஒரு சாண் உயரம், காய்ந்த ரத்தத்தின் சிவப்பு. சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு, அவற்றுக்கப்பால் மண்ணைக் கீறிக்கொண்டு ஒன்று. டீச்சரைக் கைகாட்டி அழைத்தேன். டீச்சர் என் பின்னால் இறங்கி, பார்த்து, சாக்குப் போடக்கூட மறந்து அப்படியே முழந்தாளிட்டார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அந்தத் தடியின் மேலெல்லாம் பொடிப் பொடியாக நூற்றுக்கணக்கில் பூ என்றார். எனக்கும் காட்டினார். கிட்டத்தில் அது ஒரு ஊரே திருவிழாவுக்குக் கூடி நிற்பது மாதிரி இருந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டோம். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன்.

பிறகு டீச்சர் தம் வழக்கப்படி குனிந்து முகர்ந்தார். எழுந்து, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“மணக்குது.”

மணக்குது. மூன்று குளிர்காலத்தில் எந்தப் பூவைப் பார்த்தும் அவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கடைசியாகக் கிடைத்த பூ, இவ்வளவு அபூர்வமான பூ, மணக்கவும் செய்கிறது. எதிரொலி வேலையை இவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் செய்ததே கிடையாது. குனிந்து, மூக்கை அந்தச் சிவப்பில் படும் அளவுக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தேன்.

“ஆமா டீச்சர், என்னமா மணக்குது. மல்லியும் மரிக்கொழுந்தும் சேர்த்துக் கட்டின மாதிரி இருக்கு” என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று நானும் கூடச் சிரித்தேன். அதற்குள் வண்டியை நிறுத்திவிட்டு என் கணவர் பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றார். வாங்க, வந்து மோந்து பாருங்க, பூ கிடைச்சிடுச்சு என்று அவரைக் கைப்பிடித்து இறக்கினேன். அவர் ஆசையோடு குனிந்தார். குனிந்த வேகத்தில் நிமிர்ந்து கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

அப்போதுதான் ஈக்களைப் பார்த்தேன். அந்தச் சிவப்பின் மேல் அவை அப்பிக்கொண்டிருந்தன. கண் இருந்தும் அதுவரை பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

“அழுகின முட்டைக்கோஸ் மாதிரி குமட்டுது. கேலி பண்றியா?” என்றார் அவர்.

டீச்சர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். உங்கட மனிசி பெரிய பகிடிக்காரி என்று அவரிடம் சொன்னார். தப்பிக்க ஒரு கதவு அகலத் திறந்துதான் இருந்தது. ஆமா, கேலிதான் என்று சொல்லியிருந்தால் அன்றைக்குக் கதை முடிந்திருக்கும். சொல்வதற்கு வாயையும் திறந்தேன். அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. நான் கேலிதான் செய்தேன் என்று நம்பிவிடத் தயாராக நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் எவ்வளவு சுலபமாக என்னை நம்பிக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. இன்னும் எத்தனை காலத்துக்கு யார் முகத்தையாவது பார்த்து என் முகத்தைச் சரிசெய்துகொண்டிருப்பது என்றும் தோன்றிவிட்டது. எனக்கு அலுத்துப்போயிற்று.

“எனக்கு வாசனை தெரியாதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்தே தெரியாது” என்றேன்.

பள்ளத்துக்கு மேலே காற்று போய்க்கொண்டிருந்தது. டீச்சர் சிரிப்பதை நிறுத்தினார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது, தாம் சொன்ன ஒரு சொல்தான் என்னைக் கவிழ்த்தது என்பதும் சேர்த்து. தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எங்கட ஊரில மணக்குது எண்டால் நாறுது எண்டுதான் கருத்து, பிள்ளை” என்றார்.

பிற்பாடு யோசித்தால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மூக்கு உள்ளவர்களாக இருந்தால், மீன் சந்தையைத் தாண்டும்போது அவர் மணக்குது என்று சொல்லும் முதல் நாளே அர்த்தம் விளங்கியிருக்கும். அகராதி தேவைப்பட்டிருக்காது. ஒரு வேளை அப்போதே சொல்லியிருப்பார், நான் யாரோ அத்தர் பூசிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து ஆமாம் போட்டிருப்பேன். அவருடைய தமிழை முழுசாகக் கற்றுவிட்டதாக நினைத்தவள், மூக்கால் மட்டுமே கற்கக்கூடிய ஒரு சொல்லில் போய் விழுந்தேன்.

என் கணவர் பென்சிலை எடுத்தார். டீச்சர் சொன்னபடி அந்தப் பூவை வரைந்து கொடுத்தார். நிதானமாக, நிழல்கூட விடாமல் வரைந்தார். நான் சரிவில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முதுகிலிருந்து என்னால் ஒன்றையும் படிக்க முடியவில்லை. டீச்சர் பூவைப் பறிக்கவில்லை. பறிக்காமலே வந்துவிட்டார். வண்டியில் இருவருக்கும் நடுவில் நான். டீச்சர் என் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை விடவே இல்லை. முஹரக் பாலம் தாண்டியபோது ஊருக்குப் போனால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பெட்டியில் எதை எதை எடுத்து வைப்பது என்றுகூட யோசித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் செருப்பைக் கழற்றாமல் நேரே சமையலறைக்குப் போனார். இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். சிலிண்டரின் திருகை இறுக மூடி, மேலே மாட்டியிருந்த ரெகுலேட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலை அகலத் திறந்து வைத்திருந்தார்.  என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். திருப்பி அனுப்பிவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றேன். அவருக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ரெகுலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தினம் இதோட உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிருக்கேன். ஆபீஸ்ல உக்காந்து நிம்மதியா கோடு போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்” என்றார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கோபம் வந்தது. வந்தது சரிதான், வராமல் இருந்தால்தான் நான் பயந்திருப்பேன். ஒரு மணி நேரம் போல என்னைத் திட்டினார். அம்மாவைத் திட்டினார், டாக்டரைத் திட்டினார், தம்மையும் விடவில்லை. திட்டு முழுக்கக் கேஸைப் பற்றி. மறைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை வருமா வருமா என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. என்னைக் கட்டிப்போட்டிருந்த பயம் அவருடைய கணக்கிலேயே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் பயந்துபோய்த் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் கடையிலிருந்து சாப்பாடு வாங்கி வந்தார். மின்சார அடுப்பு வரும்வரை இந்த வீட்டில் சமையல் கிடையாது என்று உத்தரவு. சாப்பிட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தோம். இத்தனை நாளில் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்க எனக்குத் தைரியம் வந்திருந்தது. வாசனை போனவர்களுக்கு ஊரார் வீட்டுச் சாம்பாரும் பூவும் பெரிய விஷயம் இல்லை. தன்மேல் என்ன வாசனை வருகிறது என்று தனக்கே தெரியாது, அதுதான் நரகம். வேர்வையா, வெங்காயமா, ஈரத்துணியா, எதுவும் தெரியாது. பக்கத்தில் ஒருவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தால் போதும், உயிர் போய்விடும். அதனால் ஒரு நாளைக்கு மூன்று தரம் குளித்தேன். குளித்தபின் கழுத்து, முதுகு, கை என்று டால்கம் பவுடரை அள்ளிக் கொட்டிக்கொள்வேன். படுக்கப் போகும்போது இன்னொரு தரம்.

அதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, என்மேல் என்ன வாசனை வரும் என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். வரைபடத்தில் அளவு கேட்டால் யோசிப்பது போலவே யோசித்தார்.

“பவுடர் வாசனைதான் வரும். அதுக்கு அடியில என்னன்னு எனக்குத் தெரியாது. நீ காட்டினதே இல்லையே” என்றார்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தேன். பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். அவர் ஆபீசுக்குப் போகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன்.  பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை. அவர் பொத்தானை விட்டுவிட்டு, என் தலைமுடியை ஒதுக்கி, காதுக்குக் கீழே கழுத்தில் மூக்கை வைத்தார்.

“சொல்லுங்க” என்றேன்.

“இரு” என்றார்.